பித்தளைக் கோதும் அதன் கரியும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மொன்றியலின் மேற்கு ஓரத்தில் இருக்கும் இல்-பிசார் என்ற தீவிலிருந்து பேசுகிறேன். லண்டனில் இப்போது இரவு, சிட்னியில் விடிகாலை. நித்திரையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி.

ஒரு தாதி துவக்கைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று அறிவித்ததும் இரண்டு மூன்று பேர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். "நீங்கள் காயங்களைப் பற்றித்தானே பேசவேணும்?" என்று கேட்டிருந்தார்கள். காயத்தைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதற்கு முதல் அழுக்கைப் பற்றிப் பேசவேண்டும். அழுக்கு எனக்குத் தெரிந்த விடயம். என் தொழிலில் பாதி அதைத் துடைப்பதுதான்.

இந்த உரை ஒரு மாப்பேணியில் தொடங்கியது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்தபின் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அண்ணா என்னைக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டு அந்தப் பேணியைத் திறந்து காட்டினார். உள்ளே நிறையப் பித்தளைக் கோதுகள். அவர் அனுமதிப்பத்திரம் வைத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போய் இலக்குப் பார்த்துச் சுடுபவர். புதிதாக ஒன்பது மில்லிமீற்றர் ரவை போடும் கார்பைன் ஒன்று வாங்கியிருந்தார். "தங்கச்சி, இதைப் பாருங்கோ. என்ர கைத்துப்பாக்கியில சுட்ட கோதெல்லாம் ஓரளவு பளிச்செண்டு வருது. இதில சுட்டால் மட்டும் ஒரு பக்கம் கரி பிடிச்சுக் கிடக்குது. துவக்கில பிழையோ?" என்று கேட்டார்.

நான் ஒரு கோதை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். 19 மில்லிமீற்றர் நீளம், சின்னி விரலின் நுனி அளவு. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கறுப்பு. அதை எனக்கு முன்பே தெரியும்.

1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் சண்டை பிடித்தபோது எனக்கு ஏழு வயது. சண்டை ஓய்ந்து வீதிக்கு வந்த நாட்களில் பிள்ளைகள் எல்லோரும் கோது பொறுக்கினோம். நீளமான கோதுகள் எஸ்.எல்.ஆருடையவை. அவை சாதாரணம். கட்டைக் கோதுகள் கிடைப்பது அரிது, ஆகவே எங்களுக்குள் அவற்றுக்கு மதிப்பு அதிகம். அவை 'எஸ்.எம்.ஜி.' கோதுகள். எங்கள் ஊரில் அந்தத் துவக்கை மூன்றெழுத்தில் சொல்வதுதான் வழக்கம். கோதின் அடியில் கே.எஃப். என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அது பூனாவுக்குப் பக்கத்தில் உள்ள கிர்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் குறி என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

பெருநாளுக்கு முன் கோவிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் பழப்புளி போட்டு மினுக்குவது எங்கள் வீட்டு வேலை. மிஞ்சிய புளியால் நான் என் கோதுகளையும் மினுக்கினேன். அம்மா கண்டுவிட்டார். "உது ஆற்றையோ உயிரைக் குடிச்ச சாமான். கோவில் சாமானோடை வைக்கிறியோ? வெளியில எறி!" என்றார். நான் எறிந்தேன். ஆனால் விரலில் பிடித்த கரி இரண்டு நாட்களுக்குப் போகவில்லை.

அந்த அண்ணாவின் கேள்விக்குப் பதில் தேடிப்போனதில் எனக்குக் கிடைத்தவற்றையே இங்கே சொல்லப்போகிறேன்.

துவக்கில் பிழை இல்லை. அது அப்படித்தான் வேலை செய்யும். ஒரு ரவையைச் சுடும்போது கோதுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகி, முன்னால் சன்னத்தையும் பின்னால் கோதையும் ஒரே வேளையில் தள்ளுகிறது. பெரிய துவக்குகளில் சன்னம் குழலைவிட்டு வெளியேறி அழுத்தம் குறையும்வரை பின்பக்கக் கதவு பூட்டியிருக்கும். ஒன்பது மில்லிமீற்றர் போன்ற சிறிய ரவைகளுக்கு அந்தப் பூட்டு இல்லாமலே சமாளிக்கலாம். பாரமான ஓர் இரும்புத் துண்டையும் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கையும் வைத்தால் போதும். அந்தத் துண்டுக்குப் பெயர் போல்ட். அது பாரம் என்பதால் மெதுவாக அசையத் தொடங்கும். அந்தத் தாமதம்தான் பூட்டின் வேலையைச் செய்கிறது. இந்த முறைக்குப் புளோபேக் என்று பெயர்.

ஆனால் தாமதம் என்பது பூட்டு அல்ல. குழலுக்குள் இன்னும் அழுத்தம் இருக்கும்போதே கோது பின்வாங்கத் தொடங்குகிறது. அதன் மெல்லிய வாய் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்துக்கொண்டிருக்கும். பின்வாங்கும்போது அந்த அடைப்பு தளர்கிறது. மிச்ச வாயு கரியையும் எரியாத மருந்துத் தூளையும் ஈயப் புகையையும் தூக்கிக்கொண்டு கோதின் வெளிப்பக்கமாகப் பின்னால் வருகிறது. கோதின் மேலும், போல்ட்டின் முகத்திலும், ரவைக்கூட்டின் வாயிலும், சுடுபவரின் கையிலும் முகத்திலும் படிகிறது. மலிவான இந்த இயந்திரத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி இந்தக் கரி.

இந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

1940 கோடையில் பிரித்தானியப் படைகள் டன்கேர்க்கில் இருந்து உயிரோடு திரும்பின, ஆனால் ஆயுதங்களை விட்டுவிட்டுத் திரும்பின. ஜேர்மனி எந்த நேரமும் கடலைத் தாண்டி வரலாம் என்ற பயம். அமெரிக்கத் தொம்சன் துவக்குகள் விலை கூடியவை, போதிய அளவு கிடைக்கவும் இல்லை. அப்போது ஷெப்பேர்ட், ரேர்ப்பின் என்ற இருவர் என்ஃபீல்ட் தொழிற்சாலையில் ஒரு துவக்கை வடிவமைத்தார்கள். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளையும் என்ஃபீல்ட்டின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்து அதற்கு ஸ்டென் என்று பெயர் வைத்தார்கள். தகரத்தை அடித்து, குழாயை வெட்டி, ஒட்டிச் செய்த துவக்கு. செலவு சுமார் 10 டொலர். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 40 லட்சம் செய்யப்பட்டன.

கனடாவும் செய்தது. ரொறொன்ரோவின் மேற்கு எல்லையில் லோங் பிராஞ்ச் என்ற இடத்தில் அரசாங்கம் நிறுவிய ஸ்மோல் ஆர்ம்ஸ் லிமிட்டெட் தொழிற்சாலையில் 1942இல் இருந்து 1944 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டென் துவக்குகள் உருவாகின. அங்கே வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டிடம் இன்றும் மிசிசாகாவில் நிற்கிறது, கலை நிகழ்ச்சிகள் நடக்கிற இடமாக மாறியிருக்கிறது. உங்களில் சிலர் அதைக் கடந்து போயிருப்பீர்கள்.

ரவை எங்களுடைய பக்கத்தில் உருவானது. என் வீட்டில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போகக்கூடிய பிரவுன்ஸ்பேர்க் என்ற சிற்றூரில் 1886இல் டொமினியன் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் மொன்றியலின் வேர்டன் பகுதியிலும் ஒரு பெரிய ரவைத் தொழிற்சாலை இயங்கியது. அங்கேயும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டை அழுத்தி இழுத்துக் கோதாக்குவதும், ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த வேலைகளில் சில. அவர்கள் கையைவிட்டுப் போனபோது அந்தக் கோதுகள் எல்லாம் மினுங்கிக்கொண்டுதான் போயின.

ஸ்டெனின் பலவீனம் அதன் ரவைக்கூடு. ஜேர்மன் துவக்கு ஒன்றின் ரவைக்கூட்டைப் பின்பற்றியது. 32 ரவைகள் இரண்டு வரிசையாக ஏறி வந்து, வாயருகில் ஒரே வரிசையாக ஒடுங்கவேண்டும். இரண்டு கால்வாய் ஒரு மதகில் சந்திப்பதுபோல. அந்த இடத்தில் கொஞ்சம் மண்ணோ கரியோ, தகரத்தின் உதட்டில் ஒரு சிறு நெளிவோ இருந்தால் போதும், ரவை சிக்கிக்கொள்ளும். அனுபவப்பட்ட சிப்பாய்கள் 32 ரவைக்குப் பதில் 28 அல்லது 30 மட்டும் போடப் பழகினார்கள். ரவைக்கூடு துவக்கின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பிடிக்க வசதியான இடம் என்று அதைப் பிடித்துச் சுட்டால் அது ஆடி இன்னும் மோசமாகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்காலத்துப் பல ரவைகளில் முதலில் வெடிக்கும் பிரைமருக்குள் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் குழலில் ஒருவகை உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதைக் கடற்கரையில் பிறந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு இரவு கழுவாமல் விட்டால் குழல் துருவேறும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். ஆகவே சிப்பாய்கள் சண்டை முடிந்து களைத்துவந்த பிறகும் தண்ணீர் கொதிக்கவைத்துக் குழலுக்குள் ஊற்றினார்கள். தேநீருக்குக் கொதிக்கவைத்த தண்ணீரில் பாதி துவக்குக்குப் போன இரவுகள் எத்தனையோ இருந்திருக்கும்.

இப்போது மொன்றியலுக்கு வருகிறேன். நகரத்தின் ஒன்றி-ஜூலியன் அவெனியூவில் கோட்டைபோன்ற ஒரு கட்டிடம் இருக்கிறது. அது ஃபுசிலியே மோன்-ரொயால் என்ற பிரெஞ்சு மொழிப் படையணியின் நிலையம். 1942 ஓகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் கரையில் ஏறத்தாழ 5000 கனடியச் சிப்பாய்கள் இறங்கினார்கள். இந்தப் படையணி கடலில் காத்திருந்த பின்படை. கரையில் நிலைமை என்னவென்று தெரியாமல், காலை ஏழு மணியளவில் அவர்களையும் இறக்கினார்கள். இங்கிலாந்தில் இருந்து கப்பலேறியவர்கள் 584 பேர். திரும்பி வந்தவர்கள் 125 பேர். தளபதி டொலார் மெனாருக்கு வயது 29. உடலில் ஐந்து இடங்களில் காயத்தோடு திரும்பினார். மொத்தக் கனடியர்களில் 907 பேர் உயிரிழந்தார்கள், 1946 பேர் கைதிகளானார்கள்.

தியெப்பின் தோல்விக்கு ஸ்டென் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போதிய குண்டுவீச்சு இல்லாமல், உயரமான பாறைகளின் மேலிருந்து எதிரி பார்த்துக்கொண்டிருக்க, பகல் வெளிச்சத்தில் கூழாங்கற் கரையில் ஆட்களை இறக்கியதுதான் காரணம். ஆனால் உயிர் தப்பிய கனடியர்களின் நினைவுகளில் ஒரு சிறு காட்சி இருக்கிறது. யூலை மாதத்தில் நடப்பதாக இருந்து கைவிடப்பட்ட முதல் திட்டத்துக்காக அவர்கள் ஸ்டென் துவக்குகளை வாரக்கணக்கில் அரத்தால் ராவி, சுட்டுப் பார்த்து, ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஓகஸ்டில் சில அணிகளுக்குப் புதிய துவக்குகளைக் கொடுத்தார்கள். பெட்டியில் அடைத்த கிறீஸ் வழியாத துவக்குகள். விடிந்தால் சண்டை. கப்பலின் கீழ்த்தளத்தில், இரவில், ஆட்கள் அரத்தோடும் துணியோடும் உட்கார்ந்து அவற்றைத் துடைத்தார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் எங்கள் கருவிகள் கிருமிநீக்கப்பட்டுப் பொதியில் வரும். பொதியின் மேல் ஒட்டிய நாடா நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிப்போம். ஒருநாள் அந்தப் பொதி வராமல், "நீங்களே கழுவி எடுங்கோ, இன்னும் அரை மணித்தியாலத்தில நோயாளி வந்திடுவார்" என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பத்து டொலர் துவக்கில் மிச்சம்பிடித்த காசு எங்கும் மறைந்துபோகவில்லை. தொழிற்சாலையில் ராவாத விளிம்பை அந்தக் கப்பலில் இருந்த பெடியன்கள் ராவினார்கள்.

அதே வருடம் மே 27 அன்று பிராக் நகரத்தில் இன்னொரு ஸ்டென் வேலை செய்ய மறுத்தது. நாசி அதிகாரி ஹைட்றிக் திறந்த காரில் வளைவொன்றைக் கடந்தபோது, செக்கோஸ்லோவாக்கியப் போராளி கப்சிக் காருக்கு முன்னால் வந்து விசையை இழுத்தார். துவக்கு வெடிக்கவில்லை. அவருடைய தோழர் குபிஷ் எறிந்த குண்டுதான் வெடித்தது. அதுவும் ஹைட்றிக்கை அந்த இடத்திலேயே கொல்லவில்லை. உலோகத் துண்டுகளோடு கார் இருக்கையின் பஞ்சும் குதிரைமயிரும் அவருடைய உடலுக்குள் போயின. எட்டாம் நாள், யூன் 4 அன்று, காயம் அழுகி இரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். தாதியர் பாடசாலையில் செப்சிஸ் என்று நாங்கள் படிப்பது இதைத்தான். துவக்கு தவறிய இடத்தில் இருக்கைப் பஞ்சின் அழுக்குக் கொன்றது.

கதை அதோடு முடியவில்லை. சல்ஃபா மருந்தைப் போதிய அளவு கொடுத்திருந்தால் ஹைட்றிக் தப்பியிருப்பார் என்று அவருக்கு மருத்துவம் பார்த்த கெப்ஹார்ட் மேல் குறை சொன்னார்கள். தன் முடிவு சரியென்று காட்டுவதற்காக அந்த மருத்துவர் ராவென்ஸ்புறூக் வதைமுகாமில் ஒரு பரிசோதனை செய்தார். 70க்கும் மேற்பட்ட போலந்துப் பெண் கைதிகளின் கால்களை வெட்டி, காயத்துக்குள் கிருமியையும் மரத்தூளையும் கண்ணாடித் தூளையும் வைத்துத் தைத்தார்கள். ஐந்து பெண்கள் அல்ல, பத்துப் பெண்கள் அல்ல. ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் இருந்தது. அவர்களை முகாமில் 'முயல்கள்' என்று கூப்பிட்டார்கள். தப்பியவர்களில் சிலர் நியூரம்பேர்க் நீதிமன்றத்துக்கு வந்து கால்களைக் காட்டிச் சாட்சி சொன்னார்கள். கெப்ஹார்ட் 1948இல் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கின் 1947ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருந்துதான், மனிதர் ஒருவரின் சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் அவர்மேல் பரிசோதனை செய்யக்கூடாது என்ற நியூரம்பேர்க் நெறி பிறந்தது. இன்று ஒரு நோயாளி ஆய்வொன்றில் சேர முன் கையெழுத்திடும் சம்மதப் படிவத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெண்களின் நினைவு வரும்.

இனி ஸ்டெனுக்குப் பிறகு வந்த துவக்கு. போர் நடந்துகொண்டிருந்தபோதே ஜோர்ஜ் பாற்செற் என்பவர் இங்கிலாந்தின் ஸ்டேர்லிங் நிறுவனத்தில் ஒரு துவக்கை வடிவமைத்தார். 1953இல் பிரித்தானிய இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அவர் கரியை வராமல் தடுக்க முயலவில்லை. புளோபேக்கில் கரி வந்தே தீரும் என்று ஒப்புக்கொண்டு, அது போவதற்கு ஒரு வழி அமைத்தார். போல்ட்டின் உடம்பில் திருகு வரிகளை வெட்டினார். போல்ட் முன்னும் பின்னும் ஓடும்போது அந்த வரிகளின் விளிம்பு கரியையும் மண்ணையும் சுரண்டி வெளியே தள்ளும். ரவைக்கூட்டையும் வளைத்து, ரவைகள் இரண்டு வரிசையாகவே வெளியேற விட்டார், கீழிருந்து தள்ளுவதற்கு இரண்டு உருளைகளை வைத்தார். மதகு இல்லை, ஆகவே அடைப்பும் குறைவு.

கனடா 1958இல் இருந்து இதன் ஒரு வடிவத்தை சி-1 என்ற பெயரில் அதே லோங் பிராஞ்சில் செய்தது. இந்தியா கான்பூரில் செய்தது. 1984 ஒக்ரோபர் 31 அன்று இந்திரா காந்தி மேல் அவருடைய காவலர் ஒருவர் 30 ரவைகளைத் தீர்த்தது இந்த வகைத் துவக்கில்தான். மூன்று வருடங்கள் கழித்து இந்திய இராணுவத்தோடு அது யாழ்ப்பாணத்துக்கு வந்தது. என் உள்ளங்கையில் கறுப்பாக இருந்த கட்டைக் கோதின் வழி இது. 1902இல் ஜேர்மனியில் கெயோக் லூகர் வடிவமைத்த ரவை, இங்கிலாந்தில் வரைந்த துவக்கு, கான்பூரில் கடைந்த போல்ட், கிர்கியில் இழுத்த பித்தளை. பொறுக்கியது ஏழு வயதுப் பிள்ளை.

எங்கள் ஆட்களின் போர்க் கதைகளில் துவக்குகளின் பெயர்கள் நிறைய வரும். இன்னாரிடம் இன்ன துவக்கு இருந்தது, இன்ன தாக்குதலில் இத்தனை எடுத்தார்கள் என்று வரும். ஒன்றுகூடல்களில் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை ஏறும். அதை நான் இங்கே வழக்காடப் போவதில்லை. ஆனால் அந்தக் கதைகளில் துவக்கு எப்போதும் சுத்தமாக இருக்கிறது. யார் துடைத்தார்கள், எதால் துடைத்தார்கள், துடைத்தவருக்கு எத்தனை வயது, அந்தக் கரி எத்தனை நாள் கையில் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. எந்தப் பக்கத்துச் சிப்பாயானாலும் வாழ்நாளில் சுட்ட நேரம் கொஞ்சம், துடைத்த நேரம்தான் அதிகம்.

கரிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது சாட்சி சொல்லும். அதைச் சொல்லவைப்பதில் மொன்றியலுக்கு ஒரு முக்கிய இடம் இருக்கிறது. 1914இல் மருத்துவர் வில்ஃப்ரிட் டெரோம் இந்த நகரத்தில் ஒரு தடயவியல் ஆய்வுகூடத்தை நிறுவினார். வட அமெரிக்காவில் அதுவே முதலாவது. சன்னத்தில் விழும் கோடுகளை அளக்க ஒரு கருவியையும் உருவாக்கி, 1929இல் துவக்குகளை ஆராயும் முறை பற்றி பிரெஞ்சில் ஒரு நூலும் எழுதினார். இன்று பார்த்னே வீதியில் அந்த ஆய்வுகூடம் இயங்கும் உயரமான கட்டிடத்துக்கு அவருடைய பெயர்தான். கோதின் அடியில் ஊசி குத்திய தடம், அதைப் பிடித்திழுத்த கொக்கியின் கீறல், போல்ட்டின் முகம் பதிந்த வரிகள் எல்லாம் ஒரு கைரேகைபோலத் துவக்கைக் காட்டிக்கொடுக்கும். பிரைமர் எரிந்ததில் இருந்து ஈயம், பேரியம், அன்ரிமனி மூன்றும் கலந்த கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் சுடுபவரின் கையில் படியும். மின்னணு நுண்நோக்கியில் அவை தெரியும்.

ஆகவேதான் துவக்குக் காயத்தோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் நாங்கள் கவனிக்கவேண்டிய சில விதிகள் உண்டு. உயிர்தான் முதலில், அதில் சந்தேகமில்லை. அதற்கு இடைஞ்சல் இல்லாதவரை, கைகளைக் கழுவாமல் கடதாசிப் பையால் மூடுவோம். பிளாஸ்டிக் பை கூடாது, வியர்த்து ஈரமாகித் தடயம் அழிந்துவிடும். சட்டையை வெட்டும்போது சன்னம் துளைத்த ஓட்டையைத் தவிர்த்து வெட்டுவோம். ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனிக் கடதாசிப் பையில் வைப்போம். எதைக் கண்டாலும் கழுவு கழுவு என்று பழக்கப்பட்ட கை, அந்த ஒரு வேளையில் மட்டும் கழுவாமல் நிற்கவேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது.

2006 செப்ரெம்பர் 13. மொன்றியல் நகர மத்தியில் உள்ள டோசன் கல்லூரிக்குள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் இளைஞன் துவக்கோடு புகுந்தான். அன்று நான் வேறொரு கல்லூரியில் தாதியர் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பிலும் கதவைப் பூட்டி வானொலியைப் போட்டார்கள். 18 வயது மாணவி ஒருத்தி உயிரிழந்தாள், 19 பேர் காயப்பட்டார்கள். அவன் கொண்டுவந்தவற்றில் முக்கியமானது பெரெட்டா சிஎக்ஸ்-4 ஸ்டோம், ஒன்பது மில்லிமீற்றர் புளோபேக் கார்பைன். சட்டப்படி வாங்கிப் பதிந்த துவக்கு. கல்லூரித் தரையில் சிதறிக் கிடந்தவை நான் ஏழு வயதில் பொறுக்கிய அதே கட்டைக் கோதுகள் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

அந்த மாணவியின் பெயரால் 'அனஸ்தாசியா சட்டம்' என்று அழைக்கப்படும் சட்டத்தைக் கியூபெக் சட்டமன்றம் 2007 டிசம்பரில் நிறைவேற்றியது. பாடசாலைகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் துவக்கு கொண்டுபோவதைத் தடுத்தது. சுடுதளங்களையும் கழகங்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. துவக்குக் காயத்தோடு வருபவரைப் பற்றி வைத்தியசாலை பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்றது, ஆனால் நோய் விபரங்களை அல்ல. 2020 மே 1 அன்று கனடிய மத்திய அரசு சுமார் 1500 வகைத் துவக்குகளைத் தடைசெய்தபோது பெரெட்டா சிஎக்ஸ்-4 அந்தப் பட்டியலில் இருந்தது.

இனி மாப்பேணிக்குத் திரும்புகிறேன். பூசை முடிந்த அன்று நான் அண்ணாவுக்கு இந்த வரலாறு ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியாது. "இதை எப்படி மினுக்குறீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். மறுபடி மருந்து நிரப்புவதற்காக அவற்றை ஒரு உருளும் பெட்டியில், சோளப்பொத்தித் தூளோடு போட்டுச் சுற்றவிடுவாராம். பிறகு தூளை அரித்தெடுப்பாராம். "எதில அரிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். "குசினியில கிடக்கிற அரிதட்டிலதான்" என்றார்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவருடைய கடைசிப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. கோதின் மேலிருக்கும் கரி வெறும் கரியல்ல. பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, சன்னத்தின் அடியிலும் ஈயம் இருக்கிறது. உருளும் பெட்டியில் அவ்வளவும் தூசாகித் தூளில் சேர்கிறது. அரிக்கும்போது காற்றில் எழும்புகிறது. இடியப்பத்துக்கு மா அரிக்கும் அரிதட்டில் இருந்து பிள்ளையின் கைக்கும், கையில் இருந்து வாய்க்கும் போகிறது. ஈயம் வளரும் மூளையைத் தாக்கும். இவ்வளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நான் அதை அவருக்குச் சொன்னேன். அரிதட்டை எறியச் சொன்னேன். அந்த வேலையை வீட்டுக்கு வெளியே, ஈரமாக, கையுறையோடு செய்யச் சொன்னேன். சுடுதளத்துக்குப் போட்டுப்போன உடுப்போடும் சப்பாத்தோடும் பிள்ளையைத் தூக்கவேண்டாம், அந்த உடுப்பைத் தனியாகத் தோய்க்கவேணும் என்றேன். பிள்ளையின் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னேன்.

அவர் முகம் சிறுத்துப் போனது. "நான் சும்மா பொழுதுபோக்குக்குத்தான் சுடுறனான் தங்கச்சி" என்றார். அவர் நல்ல மனிதர். ஊரில் நாங்கள் எல்லோரும் துவக்குக்குப் பயந்து வளர்ந்தவர்கள். அவருக்கு இங்கே சட்டப்படி, கையில் பத்திரத்தோடு, பயமில்லாமல் அதைப் பிடிக்க முடிந்ததில் ஒரு ஆறுதல் இருந்திருக்கலாம். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் யாராவது துடைத்தேயாகவேண்டிய அழுக்கு அங்கேயும் இருந்தது. இந்த முறை அது சமையலறைவரை வந்திருந்தது. அந்த அரிதட்டை அவருடைய மனைவி எத்தனை தரம் கழுவியிருப்பார்! என்ன கழுவுகிறோம் என்று தெரியாமலே கழுவியிருப்பார்.

பிள்ளையின் இரத்தச் சோதனை பயப்படும்படி இருக்கவில்லை. அண்ணா பின்னர் அந்தக் கார்பைனை வைத்திருக்கவில்லை. பித்தளைக் கோதுகளைப் பழைய உலோகம் வாங்கும் இடத்தில் நிறைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

நான் இருக்கும் இந்தத் தீவுக்கும் ஒரு சிப்பாயின் பெயர்தான். சுவிற்சர்லாந்தில் பிறந்து, ஆளுநர் ஃபுரோன்ரெனக்கின் கீழ் சேவைசெய்த ஜாக் பிசாருக்கு 1678இல் இந்தத் தீவு கொடுக்கப்பட்டது. பாலத்துக்கும் அவர் பெயர். மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், செயின்ற் லோறன்ஸ் ஆற்றின் கரையில் தியெப் பூங்கா என்று ஒன்று உண்டு. தியெப்பின் 75ஆவது ஆண்டான 2017இல் அந்தப் பெயரை வைத்தார்கள். வேலை முடிந்து வரும்போது சில நேரம் அங்கே போய் நிற்பேன். பெயர் பொறிக்கப்பட்ட தளபதிகளைவிட, கப்பலின் கீழ்த்தளத்தில் அரத்தோடு உட்கார்ந்திருந்தவர்களைத்தான் நினைப்பேன். அவர்களில் பலருக்கு இருபது வயது. நகத்துக்குள் கிறீஸோடும் இரும்புத் தூளோடும் கரையில் இறங்கியிருப்பார்கள். அவர்களுடைய உடலைக் கழுவிய தாதிகளும் எங்கோ இருந்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அடுத்த முறை ஒன்றுகூடலில் யாராவது ஒரு துவக்கின் பெயரைப் பெருமையாகச் சொன்னால், சண்டை பிடிக்காதீர்கள். "அதை ஆர் துடைச்சவை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் கதையில் ஒரு பெடியனின் பெயர் வரும், ஒரு பெட்டையின் பெயர் வரும், ஒரு தாயின் பெயரும் வரும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்கு இரவு வேலைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.